'போலி' என்றாலே பொய் இல்லை

மெய்ப்புப் பார்க்க, அதாவது அச்சுப்பிழை திருத்த, புதிதாகச் சேருகிற பிள்ளைகளைப் பார்த்தால் என் பழைய தவறுகள் வரிசையாக எழுந்து வருகின்றன. இனிப்புக்கடைப் பலகையில் போளி 'போலி' ஆவதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சமாச்சாரம். அதை விடுவோம்.

இலக்கணத்துப் போலியைக் கள்ளச் சரக்காக நினைப்பது

'போல்' என்பதிலிருந்து வந்தது போலி. ஒன்றைப் போல இன்னொன்று, அவ்வளவுதான். போலி மருத்துவர், போலிப் பத்திரம் என்னும்போதுதான் அதில் ஏமாற்று ஏறுகிறது. இலக்கணத்தில் அந்தக் கறையே கிடையாது. ஓர் எழுத்து நிற்க வேண்டிய இடத்தில் வேறொன்று வந்தும் பொருள் மாறவில்லை என்றால் போலி. மஞ்சு மைஞ்சு ஆனால் முதற்போலி, அமச்சு அமைச்சு ஆனால் இடைப்போலி, அறம் அறன் ஆனால் கடைப்போலி.

கணினியில் பக்கம் கோக்க ஆரம்பித்த புதிதில், ஒரு குறள் உரையில் 'அறன்' எல்லாவற்றையும் ஒரே தட்டில் 'அறம்' ஆக்கினேன். போலியை ஒழித்த திருப்தி எனக்கு. 49ஆம் குறளில் 'அறன்எனப் பட்டதே' என்பதும் அடுத்த அடியில் 'பிறன்பழிப்பது' என்பதும் சேர்ந்து ஒலிக்கிற ஓசை போயிற்று. அதைவிட மோசம், உரைப்பகுதி: 'அறம், அறம் என வந்தது கடைப்போலி' என்று அச்சாகியிருந்தது. உரை எழுதிய பெரியவர் தாளை என் முன் வைத்து, "தம்பி, இதுல எது போலி?" என்றார். ஒரு பாரம், பதினாறு பக்கம், மறுபடி அடித்தோம். காகிதச் செலவு என் சம்பளத்தில்.

போன மாதம் ஒரு பெண் அதையே செய்துவிட்டு, "போலின்னா டூப்ளிகேட்தானே சார், ஒரிஜினலைப் போட்டேன்" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. 34ஆம் குறளில் 'அனைத்துஅறன்' என்றவர், அடுத்த குறளிலேயே 'இயன்றது அறம்' என்கிறார். வள்ளுவருக்கு இரண்டும் சம்மதம். திருத்த நாம் யார்?

இதைச் சொன்னதும் சிலர் மறுபக்கம் சாய்வார்கள். கண்ட மகரத்தையெல்லாம் னகரமாக்குவார்கள். 'மகர இறுதி அஃறிணைப் பெயரின் னகரமோடு உறழா நடப்பன உளவே' என்கிறது நன்னூல். மகரத்தில் முடிகிற அஃறிணைப் பெயர்களில் னகரமாக மாறி வருபவை உண்டு என்கிறது; 'உளவே' என்றால் சில உண்டு என்று பொருள். நிலம் நிலன் ஆகும். பணம் 'பணன்' ஆகாது.

தஞ்சாவூர், தஞ்சை

மரூஉ, அதாவது பேச்சு வழக்கில் சுருங்கித் திரிந்த பெயர். போலி இல்லை.

முன்றில்

வீட்டின் முன்னிடம். 'இல்முன்' என்பது முன்பின்னாக மாறியது. இலக்கணப்போலி. எழுத்துப் போலியோடு சேர்க்காதீர்கள்.

'போலி மருத்துவர் சான்றிதழ்'

எது போலி, ஆளா காகிதமா? 'போலி மருத்துவர் கொடுத்த சான்றிதழ்', 'மருத்துவர் பெயரில் போலிச் சான்றிதழ்' என்று பிரித்து எழுதுங்கள். இல்லாவிட்டால் அசல் மருத்துவர் வக்கீலோடு வந்து நிற்பார்.

ஒற்று

போலிச் சான்றிதழ், போலிப் பத்திரம். போடுங்கள்.