கணக்கு தப்பா, நான் தப்பா? பாடப்புத்தகத்துக்குப் பிழைத்திருத்தம் தேடும் வழி

ஒரு பயிற்சிக் கணக்கோடு இரண்டு நாள் மல்லுக்கட்டியிருக்கிறேன். கடைசியில் பார்த்தால் கணக்கே தப்பு, அதை ஆசிரியர் எப்போதோ தன் பல்கலைக்கழகப் பக்கத்தில் திருத்திப் போட்டிருந்தார், எனக்குத்தான் தேடத் தோன்றவில்லை. இப்போதெல்லாம் கணிதப் புத்தகம் எதைக் கையில் எடுத்தாலும் முதல் அத்தியாயத்துக்கு முன்னால் பிழைத்திருத்தப் பட்டியலைத்தான் தேடுகிறேன்.

தேடும் முன் உங்களிடம் இருப்பது எத்தனையாவது அச்சு என்று பாருங்கள். பதிப்பு வேறு, அச்சு வேறு. ஒரே பதிப்பைத் திரும்ப அச்சடிக்கும்போது சத்தமில்லாமல் சில பிழைகளைத் திருத்திவிடுவார்கள். காப்புரிமைப் பக்கத்தில் பல புத்தகங்களில் 10 9 8 7 6 5 4 3 என்று ஒரு எண்வரிசை இருக்கும், அதில் மிகச் சிறிய எண்தான் அச்சு எண், இங்கே மூன்றாவது அச்சு. இது தெரியாமல் பட்டியலைத் திறந்தால், ஏற்கெனவே திருத்தப்பட்ட வரியை நீங்கள் மறுபடி ‘திருத்தி’ வைப்பீர்கள்.

அப்புறம் தேடல். ஆசிரியர் பெயர், புத்தகப் பெயர், கூடவே ‘எர்ராட்டா’. கிடைக்காவிட்டால் ‘கரெக்‌ஷன்ஸ்’, ‘கொரிஜெண்டா’, ‘டைப்போஸ்’ என்று மாற்றிப் போட்டுப் பாருங்கள், எல்லாமே ஆங்கில எழுத்தில். பதிப்பகத்தின் பக்கத்தை விட ஆசிரியரின் சொந்தப் பக்கத்தில்தான் புதிய பட்டியல் கிடைக்கும் என்பது என் அனுபவம். அவர் ஓய்வு பெற்று அந்தப் பக்கமே காணாமல் போயிருந்தால் பழைய முகவரியை, இணையப் பக்கங்களின் பழைய நகல்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் போடுங்கள். இன்னொரு நல்ல இடம், அந்தப் புத்தகத்தை வைத்துப் பாடம் நடத்திய பேராசிரியர்களின் வகுப்புப் பக்கங்கள். ‘5ஆம் கணக்கில் மிகை உறுப்புகள் என்று சேர்த்துக்கொள்ளவும்’ (மிகை என்றால் பூச்சியத்தை விடப் பெரியவை) என்பது மாதிரி ஒற்றை வரிகள் வீட்டுப்பாடத் தாள்களில் ஒளிந்திருக்கும்.

எங்கும் இல்லை, ஆனால் கணக்கு இடிக்கிறது என்றால்? அங்கேதான் நிஜமான வேலை. ‘ஒரு தொடர் ஒருங்கினால் அதன் உறுப்புகளின் வர்க்கங்களால் ஆன தொடரும் ஒருங்கும் என நிறுவுக’ என்று இருக்கிறது என்று வையுங்கள் (ஒருங்குவது என்றால், உறுப்புகளைக் கூட்டிக்கொண்டே போகும்போது கூட்டுத்தொகை ஒரு குறிப்பிட்ட எண்ணை நெருங்குவது). நிறுவ வரவில்லை என்றால் உடைத்துப் பாருங்கள். 1 − 1/√2 + 1/√3 − 1/√4 + … ஒருங்கும் தொடர்தான், ஆனால் வர்க்கங்களை எடுத்தால் 1 + 1/2 + 1/3 + 1/4 + …, அது விரியும், அதாவது கூட்டுத்தொகை எல்லையில்லாமல் வளரும். ஆக ‘மிகை உறுப்புகள்’ என்ற நிபந்தனை விட்டுப்போயிருக்கிறது. இப்படி ஒரு எதிர்மறை எடுத்துக்காட்டு கையில் இருந்தால் சந்தேகத்துக்கே இடமில்லை. அது கிடைக்கும் வரை ‘பிழை’ என்று எழுதாதீர்கள், ‘சந்தேகம்’ என்று குறியுங்கள், ஏனென்றால் பாதி நேரம் நாம்தான் முந்தைய பக்கத்தில் இருந்த வரையறையைச் சரியாகப் படித்திருக்க மாட்டோம்.

பின்பக்க விடைகளில் வரும் பிழைக்கு இவ்வளவு பாடு வேண்டாம், கணக்கில் கொடுத்திருக்கும் சமன்பாட்டில் உங்கள் விடையைப் போட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

குறித்து வைக்கும்போது பதிப்பு, அச்சு, பக்கம், வரி, இருப்பது, இருக்க வேண்டியது, காரணம் என்று ஒரு அட்டவணை போதும். வரியைக் கீழிருந்து எண்ணினால் எதிர்மக் குறி போடுவது வழக்கம்: 87ஆம் பக்கம், −4 என்றால் கீழிருந்து நான்காவது வரி. தனி வரியில் நிற்கும் சூத்திரத்தையும் எண்ணினீர்களா என்று மேலே ஒருமுறை சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் படிப்பவர் வேறு வரியில் போய் முழிப்பார். எழுத்துப்பிழையையும் நிரூபணத்தையே கவிழ்க்கும் பிழையையும் ஒன்றாகக் கொட்டாதீர்கள். ‘காற்புள்ளி இல்லை’ என்ற இருபது வரிகளுக்கு நடுவில், உடைந்த தேற்றம் ஒன்று யார் கண்ணிலும் படாமல் போய்விடும்.

சேர்த்ததை ஆசிரியருக்கு ஒரே மின்னஞ்சலில் அனுப்புங்கள், தினம் ஒன்றாக வேண்டாம். பலர் சந்தோஷப்படுவார்கள். கணினி அறிவியலாளர் டொனால்ட் நூத் தன் ‘தி ஆர்ட் ஆஃப் கம்ப்யூட்டர் புரோகிராமிங்’ நூல்களில் பிழை கண்டுபிடித்தவர்களுக்கு ஒரு பிழைக்கு 2.56 டாலர் என்று காசோலையே அனுப்பினார் (256 சென்ட், அவர் கணக்கில் ஒரு ‘ஹெக்ஸாடெசிமல் டாலர்’, ஏனென்றால் பதினாறை அடிமானமாக வைத்து எழுதினால் 256 என்பது 100). 2008இல் இருந்து நிஜக் காசோலைக்குப் பதில் ஒரு கற்பனை வங்கியின் சான்றிதழ். உங்கள் ஆசிரியரிடம் இருந்து நன்றி என்று ஒரு வரி வந்தாலே பெரிது. வராவிட்டாலும் அட்டவணையை அச்செடுத்து புத்தகத்தின் பின்னட்டைக்குள் செருகி வையுங்கள், அடுத்து அதை இரவல் வாங்குபவருக்கு இரண்டு நாள் மிச்சம்.