படத்தரமா, பைச்சுமையா? முதல் டி.எஸ்.எல்.ஆர் வாங்கும் முன் எடைபோட்டுப் பார்க்கும் முறை

முதல் டி.எஸ்.எல்.ஆர் (உள்ளே கண்ணாடி வைத்த, லென்ஸ் மாற்றக்கூடிய கேமரா) வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் பாடியை, அதாவது லென்ஸ் இல்லாத கேமராவை, மட்டுமே ஒப்பிடுகிறார்கள். எது எடை குறைவு, எதில் மெகாபிக்சல் அதிகம் என்று பார்த்துக்கொண்டே வாரங்கள் ஓடிவிடும். உண்மையில் ஆரம்பநிலை பாடிகளுக்கிடையே படத்தரத்தில் சொல்லிக்கொள்ளும்படியான வித்தியாசம் இல்லை. நிக்கான் டி3500, டி5600, கேனான் 200டி, 250டி எல்லாமே சுமார் 24 மெகாபிக்சல், எல்லாவற்றிலும் ஏபிஎஸ்-சி எனப்படும், முழுச்சட்டகத்தைவிடச் சிறிய அளவு சென்சார்தான் (ஒளியைப் படமாக்கும் சில்லு). எடையையும் தரத்தையும் தீர்மானிப்பது முன்னால் மாட்டும் லென்ஸ். அதனால் இங்கே பாடியைத் தேர்ந்தெடுப்பது கடைசிப் படியில்தான் வரும்.

படி 1: படம் எங்கே போய்ச் சேரப்போகிறது?

24 மெகாபிக்சல் என்றால் 6000 × 4000 புள்ளிகள். அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சிட்டால் 20 × 13 அங்குலப் படம் வரும். முழு எச்.டி திரைக்குத் தேவைப்படுவதோ வெறும் 2 மெகாபிக்சல். உங்கள் படங்கள் திரையிலும் சிறிய ஆல்பத்திலும்தான் இருக்கப்போகின்றன என்றால் மெகாபிக்சலை மறந்துவிடுங்கள். அந்த அளவில் கண்ணுக்குத் தெரியும் குறைகள் மூன்றுதான்: குறைந்த வெளிச்சத்தில் வரும் நாய்ஸ் (மணல் தூவியது போன்ற புள்ளிகள்), அசைவால் வரும் கலங்கல், ஃபோகஸ் தவறுவது.

படி 2: தண்ணீர் பாட்டில் சோதனை

முதலில் ஒரு எச்சரிக்கை. எடை விவரத்தில் சில இடங்களில் பாடியின் எடையை மட்டும் போடுவார்கள், சில இடங்களில் பேட்டரியும் கார்டும் சேர்த்துப் போடுவார்கள். டி3500 வெறும் பாடியாக 365 கிராம், பேட்டரி, கார்டோடு 415 கிராம். 250டி-க்குப் பரவலாகச் சொல்லப்படும் 449 கிராம், பேட்டரி, கார்டு சேர்த்தது. 365-ஐயும் 449-ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் 84 கிராம் வித்தியாசம் போலத் தெரியும். உண்மையான வித்தியாசம் 34 கிராம்தான்.

இப்போது லென்ஸைச் சேருங்கள். (18-55 போன்ற எண்கள் மி.மீ-யில் லென்ஸின் குவியத் தூரம்; எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் அதிக ஒளியை உள்ளே விடும்.) டி3500-உடன் ஏஎஃப்-பி 18-55 (205 கிராம்) மாட்டினால் 620 கிராம். 250டி-யுடன் 18-55 எஸ்டிஎம் (215 கிராம்) மாட்டினால் 664 கிராம். அதே 250டி-யில் 24 மி.மீ எஃப் 2.8 பேன்கேக் எனப்படும் தட்டையான லென்ஸ் (125 கிராம்) மாட்டினால் 574. டி3500 கிட்டோடு (பாடியும் அதனுடன் சேர்த்து விற்கும் 18-55 லென்ஸும்) 70-300 விஆர் லென்ஸையும் (415 கிராம்) எடுத்துக்கொண்டால் ஒரு கிலோவைத் தாண்டி 1035 கிராம் ஆகிறது.

எண்களைப் படித்தால் மட்டும் சுமை புரியாது. ஒரு லிட்டர் பாட்டிலைத் தராசில் வைத்து, பாட்டிலோடு சேர்த்து 620 கிராம் வரும்வரை தண்ணீர் ஊற்றுங்கள். வழக்கமாகக் கொண்டுபோகும் பையில் போட்டு அரை நாள் நடங்கள். மறுநாள் 1035 கிராமுக்கு ஏற்றி அதையே செய்யுங்கள். பாதி வழியில் பையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டீர்கள் என்றால் அந்த எடையை நீங்கள் வாரம் தவறாமல் தூக்கப்போவதில்லை.

சட்டைப்பையில் அடங்கும் டி.எஸ்.எல்.ஆர் என்று ஒன்றைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். லென்ஸ் மாட்டும் வளையத்துக்கும் சென்சாருக்கும் நடுவே கண்ணாடி மேலும் கீழும் அசைய இடம் வேண்டும். அந்த இடைவெளி கேனானில் 44 மி.மீ, நிக்கானில் 46.5 மி.மீ. பேன்கேக் லென்ஸின் தடிமன் 23 மி.மீ அளவுதான் என்றாலும் பாடி மெலியாது.

படி 3: எடைக்கு எவ்வளவு தரம் கிடைக்கிறது?

எல்லாத் தரத்தையும் ‘ஸ்டாப்’ கணக்கில் பார்க்கலாம். ஒரு ஸ்டாப் என்றால் இரு மடங்கு ஒளி. வீட்டுக்குள் ஓடும் குழந்தையைப் படமெடுக்க ஷட்டர் 1/250 நொடியாவது வேண்டும். கிட் லென்ஸ் 50 மி.மீ-யில் எஃப் 5.6-க்கு மேல் திறக்காது. அந்த வெளிச்சத்துக்கு ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்; கூட்டினால் நாய்ஸும் கூடும்) 6400 தேவைப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். கேனான் 50 மி.மீ எஃப் 1.8 லென்ஸ் மாட்டினால் அதே வெளிச்சத்துக்கு ஐஎஸ்ஓ 640 போதும். மூன்று ஸ்டாப்புக்கும் சற்று மேல் லாபம், கூடுதல் சுமை 160 கிராம்.

இதையே பெரிய சென்சாரால் வாங்க நினைத்தால்? முழுச்சட்டக சென்சாரின் பரப்பு கேனான் ஏபிஎஸ்-சியைப் போல் 2.6 மடங்கு. அதாவது சுமார் 1.4 ஸ்டாப். கேனான் 6டி மார்க் 2 பாடியும் (765 கிராம்) 24-105 எஃப் 4 லென்ஸும் (795 கிராம்) சேர்ந்தால் 1560 கிராம். 250டி கிட்டைவிட 900 கிராம் அதிகம். இருட்டான இடங்களில் எடுப்பவர்களுக்கு அந்தச் சிறிய 50 மி.மீ பிரைம் (ஜூம் இல்லாத) லென்ஸைவிடக் குறைந்த எடையில் இவ்வளவு தரம் தருவது வேறெதுவும் இல்லை. இதில் எனக்குத் தயக்கமே கிடையாது.

ஆனால் எடுக்கப்போவது அசையாத பொருள் என்றால் கணக்கே மாறும். கட்டிடம், சிலை, மாலை நேர நிலக்காட்சி இவற்றுக்குக் கிட் லென்ஸிலேயே இருக்கும் அதிர்வுக் கட்டுப்பாடு போதும். மூச்சை அடக்கி, முழங்கையை விலாவோடு ஒட்டிப் பிடித்தால் 1/10 நொடியில்கூடத் தெளிவாக வரும். 50 எஃப் 1.8-இல் அந்த வசதி கிடையாது, 1/100-க்குக் கீழே இறங்கினால் கலங்கும். ஆகவே பிரைம் வாங்குமுன் உங்கள் கைப்பேசியில் இருக்கும் பழைய படங்களில் ஒரு நூறைப் புரட்டுங்கள். ஆட்கள் அதிகமா, இடங்கள் அதிகமா? ஆட்கள் என்றால் பிரைம். இடங்கள் என்றால் கிட் லென்ஸோடு நிறுத்துங்கள்.

படி 4: ஸ்கேல் வைத்து ஃபோகஸ் சோதனை

புதிதாக வருபவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். எஃப் 1.8 லென்ஸ் வாங்கி, கண்ணில் ஃபோகஸ் வைத்து எடுப்பார்கள். படத்தில் காது தெளிவாக இருக்கும், கண் மங்கலாக இருக்கும். லென்ஸ் மோசம் என்று முடிவுகட்டிவிடுவார்கள்.

காரணம் வேறு. வியூஃபைண்டர் (கண் வைத்துப் பார்க்கும் துளை) வழியாக எடுக்கும்போது ஃபோகஸை அளப்பது படச் சென்சார் அல்ல. பாடியின் அடிப்பகுதியில் தனியாக ஒரு ஃபோகஸ் சென்சார் இருக்கிறது. துணைக்கண்ணாடி ஒன்று ஒளியைக் கீழே திருப்பி அதற்கு அனுப்புகிறது. அந்தப் பாதையின் நீளமும் படச் சென்சாருக்குப் போகும் பாதையின் நீளமும் மயிரிழை மாறினாலும் ஃபோகஸ் முன்னேயோ பின்னேயோ விழும். எஃப் 5.6-இல் தெளிவு ஆழம் அதிகம் என்பதால் இந்தப் பிழை ஒளிந்துகொள்ளும். எஃப் 1.8-இல் 50 மி.மீ லென்ஸுக்கு 2 மீட்டர் தொலைவில் தெளிவாக இருக்கும் பகுதி மொத்தமே 11 செ.மீ போலத்தான். அங்கே ஒளிய இடமில்லை.

சோதிப்பது இப்படி:

1. நல்ல வெளிச்சத்தில் மேசைமேல் 30 செ.மீ ஸ்கேலைக் கேமராவுக்கு நேர்க்கோட்டில் படுக்க வையுங்கள். 15 செ.மீ கோட்டில் எழுத்து அச்சிட்ட சிறிய அட்டைப்பெட்டி ஒன்றை நிமிர்த்தி, அதன் முன்முகம் கோட்டைத் தொடும்படி வையுங்கள்.
2. கேமராவை டிரைபாடில் மாட்டி, ஒன்றரை மீட்டர் தள்ளி, சற்று மேலிருந்து சாய்வாகப் பார்க்க வையுங்கள். எஃப் 1.8, நடு ஃபோகஸ் புள்ளி மட்டும், 2 நொடி டைமர்.
3. வியூஃபைண்டர் முறையில் பத்து படம். ஒவ்வொரு படத்துக்கும் முன் ஃபோகஸைக் கலைத்துவிட்டுப் புதிதாகப் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் பத்தும் ஒரே படம்தான்.
4. லைவ் வியூவில் (பின்திரையைப் பார்த்து எடுக்கும் முறை) ஐந்து படம்.
5. கணினியில் பெரிதாக்கி ஸ்கேலில் எந்த எண் கூர்மையாக இருக்கிறது என்று குறியுங்கள்.

லைவ் வியூ படங்களில் 15-உம், வியூஃபைண்டர் படங்களில் பத்துக்கு எட்டில் 17-உம் கூர்மையாக இருந்தால் பிழை உறுதி. எண்கள் முன்னும் பின்னும் சிதறிக் கிடந்தால் அது வேறு விஷயம்: வெளிச்சம் போதவில்லை, அல்லது ஃபோகஸ் புள்ளி பெட்டியைவிட்டு நழுவியிருக்கிறது. திரும்பச் செய்யுங்கள்.

உயர்நிலை பாடிகளில் இதை மெனுவிலேயே சரிசெய்யலாம். மேலே சொன்ன நான்கிலும் அந்த வசதி இல்லை. லென்ஸை மாற்றிக் கேளுங்கள், அல்லது பாடியையும் லென்ஸையும் சேர்த்தே சர்வீஸ் மையத்தில் கொடுங்கள். அதுவரை எஃப் 2.8-க்கு மூடி எடுக்கலாம், லைவ் வியூவிலும் எடுக்கலாம்.

படி 5: இப்போது பாடி

லைவ் வியூவில் அடிக்கடி எடுப்பீர்கள் என்றால் 200டி அல்லது 250டி. அவற்றில் படச் சென்சாரே வேகமாக ஃபோகஸ் பிடிக்கும். டி3500-இல் லைவ் வியூ ஃபோகஸ் மெதுவாக அலைந்து தேடும். வியூஃபைண்டரிலேயே கண் வைத்து எடுப்பவர்களுக்கு டி3500 அருமை: ஒரு சார்ஜில் 1550 படம் என்பது நிறுவனக் கணக்கு, எனவே மாற்று பேட்டரி சுமக்க வேண்டாம். 250டி-க்கு வியூஃபைண்டரில் 1070, லைவ் வியூவில் 320 தான். லைவ் வியூ பழக்கமுள்ளவர்கள் 45 கிராம் பேட்டரி ஒன்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

நிக்கானில் ஒரு பள்ளம் இருக்கிறது. டி3500, டி5600 பாடிகளில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. 50 மி.மீ எஃப் 1.8டி போன்ற பழைய ஏஎஃப்-டி லென்ஸ்கள் மாட்டும், ஆனால் தானாக ஃபோகஸ் ஆகாது. பெயரில் ஏஎஃப்-எஸ் அல்லது ஏஎஃப்-பி இருக்கிறதா என்று பாருங்கள். ஏஎஃப்-எஸ் 35 எஃப் 1.8 டிஎக்ஸ் (200 கிராம்) இந்த பாடிகளுக்குப் பொருத்தமான முதல் பிரைம். வீடியோவுக்கு வெளி மைக் செருக வேண்டும் என்றால் டி3500-ஐ விட்டுவிடுங்கள், அதில் மைக் துளை இல்லை.

பின்சேர்க்கை

திரும்பத் திரும்ப வரும் இரண்டு கேள்விகளுக்குப் பதில்.

“இரண்டு லென்ஸுக்குப் பதில் ஒரே 18-400 போதாதா?” டாம்ரான் 18-400 மட்டுமே 700 கிராமைத் தாண்டும். எஃப் 6.3 வரை இருண்டுபோகும் லென்ஸ் அது. பகல் வெயிலில் தூரத்துப் பறவையைத் துரத்துபவர்கள் தவிர மற்றவர்களுக்குச் சுமையும் கூடி, வீட்டுக்குள் நாய்ஸும் கூடும்.

“டி3500 வாங்கிய முதல் நாளே படம் எடுக்க மாட்டேன் என்கிறது, திரையில் எச்சரிக்கை வருகிறது.” பழுது இல்லை. இடம் மிச்சம் பிடிக்க அந்தக் கிட் லென்ஸ் உள்ளே சுருங்கிக்கொள்ளும். பக்கத்தில் இருக்கும் பொத்தானை அழுத்தியபடி ஜூம் வளையத்தைத் திருப்பி 18 என்ற எண்ணுக்குக் கொண்டுவாருங்கள், எடுக்கும். பையில் போடும் முன் மறுபடி சுருக்கிவிடுங்கள்.