விண்டோஸ், லினக்ஸ் இரண்டுக்கும் ஒரே கோப்பறை

பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும் மகளுக்குப் பாடத்துக்காக லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டு வேண்டும், எனக்கு விண்டோஸ் வேண்டும். வீட்டில் மடிக்கணினி ஒன்றுதான், இரண்டையும் அதிலேயே போட்டோம். சிங்கப்பூர்த் தேக்காவில் எடுத்த தீபாவளி ஒளியூட்டுப் படங்களை உபுண்டுவிலிருந்து விண்டோஸ் வட்டில் சேமிக்கப் போனால், ‘படிக்க மட்டும்’ என்று மறுத்துவிட்டது.

காரணம் விண்டோஸின் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’. ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை, பாதி உறக்கத்தில் வட்டைத் தன் பிடியிலேயே வைத்திருக்கிறது. அந்த நேரத்தில் எழுதினால் கோப்புகள் கெடலாம் என்றுதான் லினக்ஸ் ஒதுங்குகிறது. கண்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ் போய், பவர் பட்டன் அமைப்புகளில் அந்த டிக்கை எடுத்துவிடுங்கள். வலுக்கட்டாயமாக எழுதவைக்கும் கட்டளைகளைத் தயவுசெய்து முயலாதீர்கள்.

அப்புறம், பொதுக் கோப்புகளுக்கென்று தனிப் பார்ட்டிஷன் ஒன்று, அதாவது வட்டில் பிரித்து ஒதுக்கிய ஒரு பகுதி, வைப்பது நல்லது. பிரிக்கும் முன் எல்லாவற்றையும் வேறு வட்டில் நகலெடுத்துவிடுங்கள். அந்தப் பகுதியில் கோப்புகளை அடுக்கிவைக்கும் முறையாக ஃபேட்32 வேண்டாம், 4 ஜிபி அளவைத் தொடும் ஒரு கோப்பைக்கூட அது ஏற்காது. கல்யாண வீடியோ ஒன்று போதும், மாட்டிக்கொள்ள. எக்ஸ்ஃபேட் என்ற முறை இரண்டிலும் ஓடும், ஆனால் திடீரென்று மின்சாரம் போனால், விண்டோஸின் வழக்கமான முறையான என்டிஎஃப்எஸ் அளவுக்குத் தாங்காது. உள்வட்டுக்கு என் தேர்வு என்டிஎஃப்எஸ்தான்.

கோப்புப் பெயரிலும் கவனம் வேண்டும். ‘தேக்கா: இரவு?’ என்று லினக்ஸில் பெயர் வைத்தால், முக்காற்புள்ளியும் கேள்விக்குறியும் இருப்பதால் விண்டோஸ் அதைத் திறக்காது. ‘தேக்கா-இரவு’ என்று வையுங்கள்.