பழைய லான்ட்குறூசர் வேண்ட முதல் எஞ்சினைப் பாருங்கோ

டொயோட்டா 80 சீரிஸ் லான்ட்குறூசர் ஜீப் ஒண்டு விலைக்கு நிக்குதெண்டா எங்கட ஆக்கள் பெயின்டையும் சீற்றையும் சுத்திச்சுத்திப் பாத்திட்டு, பொனெற்றைத் திறந்து "டீசல்தானே?" எண்டு மட்டும் கேட்டிட்டு மூடிவிடுவினம். அந்தக் கேள்வி காணாது. 1990ல வந்த இந்த வாகனத்துக்கு 4.2 லீற்றர் டீசல் எஞ்சினே மூண்டு விதம் இருக்கு, மூண்டுக்கும் ஆறு சிலிண்டர்தான், ஆனா வாற வருத்தம் வேறவேற.

முதலாவது எஞ்சின் 1எச்இசட், அது டேர்போ, அதாவது காத்தை அமத்தி உள்ளுக்கு அடிக்கிற சாமான், இல்லாதது. இழுவை காணாதெண்டு அதுக்கு வெளியால டேர்போ வேண்டிப் பூட்டுறது பெரிய பிழை. அதில டீசல் முதல் சிலிண்டருக்கு மேல மூடியா இருக்கிற ஹெட்டுக்குள்ள இருக்கிற சின்ன அறையில எரிஞ்சுதான் சிலிண்டருக்கு வரும், டேர்போவோட கூட டீசலும் அடிச்சா ஏறுற சூட்டுக்கு அது செய்ததில்லை, ஹெட்டில வெடிப்பு விழுந்திடும். யாழ்ப்பாணத்தில இருந்து வவுனியா மட்டும் ஏத்தமே இல்லாத றோட்டில உங்களுக்கு அது தேவையும் இல்லை. கொம்பனி டேர்போதான் வேணுமெண்டா 1எச்டி-டி எடுங்கோ, ஆனா அதில பிஸ்டன் தண்டு கிராங்கோட சேருற இடத்தில இருக்கிற பிக்என்ட் பெயாரிங் தேயுறது எல்லா மெக்கானிக்குக்கும் தெரிஞ்ச விசயம், மாத்தினதோ எண்டு கேக்காம அட்வான்ஸ் குடுக்கவேண்டாம். 1995ல வந்த 24 வால்வு 1எச்டி-எஃப்டி கிடைச்சா நான் அதைத்தான் எடுப்பன்.

மூண்டிலயும் வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைக்கிறது ரைமிங் பெல்ட்தான், 100,000 கிலோமீற்றருக்கு ஒருக்கா மாத்தோணும், மீற்றரை நம்பாம வேண்டின கையோட மாத்திவிடுங்கோ. 4.5 லீற்றர் பெற்றோல் எஞ்சினுக்கு பெல்டுக்குப் பதிலா செயின், ஆனா அது குடிக்கிற பெற்றோலுக்கு ஆர் காசு குடுக்கிறது.

இதெல்லாத்தையும் விட எங்கட ஊரில எஞ்சினைச் சாக்கொல்லுறது கிணத்துத் தண்ணி. கேத்திலுக்கு அடியில வெள்ளையாப் படியுற அந்தச் சுண்ணாம்புதான் ரேடியேற்றர் குழாயளுக்குள்ளயும் படியுது. மாமா ஆசைப்பட்டு வேண்டின வாகனம் முறிகண்டியில தேங்காய் உடைச்சிட்டு வெளிக்கிட்டு மாங்குளம் வர முதலே ஊசி சிவப்புக்கு ஏறி, ஹெட்டுக்குக் கீழ வைக்கிற காஸ்கெற் போய், கடைசியில ஹெட்டையே மாத்தவேண்டி வந்தது, கழட்டிப் பாத்தா ரேடியேற்றர் பாதி அடைபட்டுக் கிடக்கு. அதால பாக்கப் போகேக்க எஞ்சினை ஸ்ராட் பண்ணி வைக்கவேண்டாமெண்டு முதலே சொல்லுங்கோ, ஆறின எஞ்சினில ரேடியேற்றர் மூடியைத் திறந்து விரலை விட்டுப் பாருங்கோ. வெள்ளைப் படிவோ கறலோ எண்ணெய்ப் பசையோ இருந்தா விட்டிட்டு வாங்கோ. சுத்தமா இருந்தா மட்டும் எஞ்சின் நம்பரைப் புத்தகத்தோட ஒத்துப் பாக்கத் தொடங்குங்கோ.