பிளேயர் சம்பளத்தை பெர்ஃபாமன்ஸோட கட்டுறப்போ நடக்கிற தப்புகள்

நல்லா ஆடினா கூட காசு, சொதப்பினா கம்மின்னு கேக்க சுளுவா இருக்கு, ஆனா ஃபுட்பால்ல அதை கான்ட்ராக்ட்ல எழுதுற இடத்துலதான் பெரிய பெரிய கிளப்பே கோட்டை விட்டிருக்கு.

கோலை மட்டும் எண்ணிப் பாக்காதீங்க. 2015-16ல லெஸ்டர் சிட்டி பிரீமியர் லீக் ஜெயிச்சப்போ அவங்க மிட்ஃபீல்டர் கான்டே லீக்ல அடிச்சது ஒரே ஒரு கோல்தான், ஆனா அந்த சீசன்ல 175 டாக்கிள் (எதிராளி கால்ல இருந்து பந்தைப் பறிக்கிறது), லீக்லயே அவர்தான் டாப்பு. கோல் போனஸ் மட்டும் இருந்திருந்தா அந்த மனுஷன் கைக்கு என்ன வந்திருக்கும்? இதுல இன்னொன்னு, கோலுக்குத் தனி ரேட்டுன்னா பக்கத்துல ஆளு ஃப்ரீயா நின்னாலும் பாஸ் போடத் தோணாது. டிஃபெண்டர், மிட்ஃபீல்டருக்கெல்லாம் டீம் எடுக்கிற பாயிண்ட்டை வச்சு போனஸ் குடுக்கிறதுதான் நியாயம்னு எனக்குப் படுது.

இறங்கினாலே காசுங்கறதும் வேணாம். 2018 ஜனவரில மான்செஸ்டர் யுனைட்டெட் போன ஃபார்வர்ட் அலெக்சிஸ் சான்செஸுக்கு வாரச் சம்பளம் போக, ஒரு மேட்ச்ல ஆரம்பத்துலயே இறங்கினா 75,000 பவுண்ட்னு நியூஸ் வந்துச்சு. 45 மேட்ச்ல 5 கோல்தான் அடிச்சார்.

எல்லாத்தையும் விட மோசமானது, ஒரே கோடு போட்டு அதைத் தாண்டினா மொத்தப் பணமும்னு எழுதுறது. பிரான்ஸ் ஃபார்வர்ட் க்ரீஸ்மான் கதை தெரியும்ல? அது சம்பளம் இல்ல, டிரான்ஸ்ஃபர் பணம், ஆனா நோய் ஒண்ணுதான். பார்சிலோனால இருந்து அத்லெடிகோ மாட்ரிட்டுக்கு லோன்ல, அதாவது கொஞ்ச காலத்துக்கு இரவலா வந்தவர், பாதி மேட்ச்ல 45 நிமிஷத்துக்கு மேல ஆடிட்டா அத்லெடிகோ 4 கோடி யூரோ குடுத்து வாங்கியே ஆகணும், அதனால 2022 சீசன் ஆரம்பத்துல மேட்சுக்கு மேட்ச் 60 நிமிஷம் தாண்டித்தான் இறக்கினாங்க, போர்ட்டோவோட அப்படி இறங்கியே கடைசி நிமிஷத்துல ஜெயிக்கிற கோலை அடிச்சாரு, அப்பேர்ப்பட்ட ஆளை பெஞ்சுல உக்கார வச்சாங்க! போனஸும் இதே மாதிரிதான், 25 மேட்ச் ஆடினா இவ்வளவுன்னு எழுதிட்டு 24ல நிக்கிறப்போ அந்த ஆளை உக்கார வைக்கச் சொல்லி கோச் மேல பிரஷர் வரும். அஞ்சஞ்சு மேட்சுக்கு கொஞ்சம் கொஞ்சமா பிரிச்சு எழுதிடுங்க.

டீம் கீழ் டிவிஷனுக்கு இறங்கினா (ரெலகேட் ஆனா) சம்பளம் என்னன்னும் எழுதணும். 2017ல சண்டர்லேண்ட் ரெலகேட் ஆனப்போ அவங்க பிளேயர் ஜாக் ராட்வெல் கான்ட்ராக்ட்ல சம்பளக் குறைப்பு ஷரத்தே இல்ல, கீழ் டிவிஷன்லயும் வாரத்துக்கு சுமார் 70,000 பவுண்ட்னு பத்திரிகைங்க எழுதுச்சு.

பிளேயர் பக்கம் நிக்கிறவங்களுக்கும் ஒண்ணு. முட்டில லிகமென்ட் கிழிஞ்சா பல மாசம் ஆட முடியாது, ஆடாதவனுக்கு போனஸும் கிடையாது. கிளப்புக்கு ஆடப்போய்தானே அடிபட்டான், அந்த மாசங்களுக்கு போனஸ்ல ஒரு பங்காவது வர்ற மாதிரி சைன் போடுறதுக்கு முன்னாடியே எழுதி வாங்கிடுங்க.