கைமாறி வரும் ஸ்விஸ் வாட்ச்: வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

எங்கள் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் வளைகுடாவில் இருந்து திரும்பியவர்கள் கையில் நல்ல ஸ்விஸ் வாட்ச் இருப்பது புதிதில்லை. வீடு கட்டவோ பிள்ளை கல்யாணத்துக்கோ பணம் தேவைப்பட்டால் அதை விற்கிறார்கள், நம்மில் ஆசை உள்ளவர்கள் வாங்குகிறோம். பணத்தைக் கொடுக்கும் முன் என்ன பார்க்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். ரோலெக்ஸ், ஒமேகா என்ற பெயரில் மயங்க வேண்டாம், உங்கள் முன்னால் இருக்கும் அந்த ஒரு வாட்ச் எந்த நிலையில் இருக்கிறதோ அதற்குத்தான் காசு.

எஃகில் செய்த வாட்ச்சுக்கு ஏன் இவ்வளவு விலை என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாக ஒரு வரலாறு. ரோலெக்ஸ் சப்மரைனர் 1953-இல் முக்குளிப்பவர்களுக்காக வந்தது. 1957-இல் வந்த ஒமேகா ஸ்பீட்மாஸ்டரை நாசா சோதித்து 1965-இல் தேர்ந்தெடுத்தது, 1969-இல் அது நிலவுக்கே போனது. 1972-இல் வாட்ச் வடிவமைப்பாளர் ஜெரால்ட் ஜென்டா வரைந்த ராயல் ஓக்கை ஓடெமார் பிகே நிறுவனம் எஃகில் செய்து, பல தங்க வாட்ச்களைவிட அதிக விலைக்கு விற்றது. எஃகு வாட்ச்சும் ஆடம்பரமாகலாம் என்பது அதற்குப் பிறகு நிலைத்துவிட்டது.

சரி, வாட்ச் கைக்கு வந்ததும் டயலைப் பார்க்கும் முன் கேஸின் காதுகளைப் பாருங்கள், அதாவது செயின் மாட்டுகிற அந்த நாலு முனைகளை. ஜன்னல் பக்கம் போய், லென்ஸ் வைத்து, மெல்லத் திருப்புங்கள். பளபளப்பான பக்கமும் கோடு கோடாக இருக்கும் பக்கமும் சேரும் இடத்தில் விளிம்பு கூர்மையாகத் தெரிந்தால் நல்லது. அந்த விளிம்பு உருண்டு, பாதி சப்பிய மிட்டாய் போல வழவழத்திருந்தால் பலமுறை பாலிஷ் போட்டிருக்கிறார்கள், போன உலோகம் திரும்பி வராது. நான் சின்னக் கீறல்கள் உள்ள வாட்ச்சைத்தான் எப்போதும் தேர்ந்தெடுப்பேன்.

அப்புறம் நம்பர். 2010-க்குப் பின் வந்த ரோலெக்ஸில் கண்ணாடிக்கு உள்ளே, டயலைச் சுற்றியுள்ள வளையத்தில், 6 மணிப் பக்கம் சீரியல் நம்பர் பொறித்திருக்கும். அது வாரண்டி கார்டில் உள்ள நம்பரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். பழைய வாட்ச் என்றால் இன்னொரு விஷயம்: நம் நாட்டில் டயலுக்குப் புதிதாகப் பெயிண்ட் அடித்து விற்பது ரொம்ப நாளாக நடக்கிறது, ஆகவே ஐம்பது வருட வாட்ச்சில் டயல் மட்டும் புத்தம் புதிதாக இருந்தால், எழுத்துகள் தடித்தோ கோணலாகவோ இருந்தால், விட்டுவிடுங்கள்.

பேக் கவரைத் திறந்து பார்க்காமல் வாங்கவே வாங்காதீர்கள். விற்பவர் அண்ணன் முறை, மாமன் முறை என்றாலும் கூச்சப்படாமல், பாலக்காட்டிலோ கோயம்புத்தூரிலோ உள்ள நல்ல வாட்ச் ரிப்பேர்காரரிடம் சேர்ந்து போகலாம் என்று கேளுங்கள், சாக்குச் சொன்னால் அதுவே பதில். அவர் மெஷினில் துரு இருக்கிறதா, மாற்றிப்போட்ட பாகம் இருக்கிறதா என்று பார்ப்பார், ஓட்டத்தைக் கருவியில் வைத்து அளந்தும் சொல்வார். காஸ்க் (வாட்ச்சின் துல்லியத்தைச் சோதிக்கும் ஸ்விஸ் அமைப்பு) சான்றிதழுக்கான அளவு சராசரியாக ஒரு நாளைக்கு மைனஸ் 4-இலிருந்து பிளஸ் 6 விநாடி வரை. அதைத் தாண்டி ரொம்ப ஓடினால் சர்வீஸ் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

பணம் கொடுப்பதில் கவனம் வேண்டும். 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கச் சட்டம் அனுமதிக்காது, எனவே வங்கி வழியாகவே கொடுங்கள். 10 லட்சத்துக்கு மேற்பட்ட கைக்கடிகாரத்தைக் கடையில் வாங்கினால் 2025 ஏப்ரலிலிருந்து 1 சதவீத டிசிஎஸ், அதாவது கடைக்காரரே வசூலித்துக் கட்டும் வருமான வரி, பிடிப்பார்கள், வருமான வரிக் கணக்கில் அதைக் காட்டிக் கழித்துக்கொள்ளலாம். வெளிநாட்டிலிருந்து வந்த வாட்ச் என்றால் கடை பில்லோடு, சுங்கத் தீர்வை கட்டியிருந்தால் அந்த ரசீதையும் கேட்டு வாங்குங்கள்.

வாங்கிய பிறகு நம் ஊர் மழையும் வியர்வையும்தான் எதிரி. 300 மீட்டர் வரை தண்ணீர் தாங்கும் என்று எழுதியிருந்தாலும் உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர் காய்ந்துவிட்டால் மலம்புழை அணைத் தண்ணீரில் ஒரு குளியலே போதும், டயலில் நீராவி படிந்துவிடும். ஆண்டுக்கு ஒருமுறை, இடவப்பாதிக்கு (ஜூன் மாதம் தொடங்கும் மழைக்காலத்துக்கு) முன், தண்ணீர் புகுமா என்று சோதிக்கச் சொல்லுங்கள். நிலவுக்குப் போன ஸ்பீட்மாஸ்டருக்கே 50 மீட்டர்தான், அதைக் கட்டிக்கொண்டு நீச்சல் வேண்டாம். பக்கத்தில் உள்ள சாவியைத் திருகி மூடும் வகை என்றால் முழுக்க மூடியிருக்கிறதா என்று பாருங்கள். தேதியை இரவு 9 மணிக்கும் அதிகாலை 3 மணிக்கும் இடையில் மாற்றாதீர்கள், பல மெஷின்களில் அந்த நேரம் பற்சக்கரங்கள் கோத்திருக்கும், பல் உடையலாம்.

சேர்க்கத் தொடங்குகிறவர் முதல் வாட்ச்சை ஒரு வருடமாவது தினமும் கட்டிப் பாருங்கள். கனம் பிடிக்கிறதா, 42 மில்லிமீட்டர் அகல வாட்ச் உங்கள் மணிக்கட்டுக்குப் பெரிதா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும், இரண்டாவதை அதற்கேற்பத் தேடலாம்.