பல்வலிக்கு எனக்குக் கைகொடுத்தது

கடைவாய்ப்பல் குடைச்சலுக்குக் கிராம்புத் தைலம் ஒரு சொட்டு போதும். பஞ்சில் நனைத்து, பிழிந்து, சொத்தைக் குழிக்குள் மட்டும் வைக்கணும். ஈறில் பட்டால் வெந்து வெள்ளையாகத் தோல் உரியும். மாத்திரையைப் பல்லிடுக்கில் அதக்கினாலும் அதே கதிதான், முழுங்கத்தான் வேண்டும்: பாராசிட்டமால் 500 மில்லிகிராம், ஆறு மணி நேரத்துக்கு ஒன்று. மல்லாந்து படுத்தால் விண் விண்ணென்று தெறிக்கும், தலைக்கு இரண்டு தலையணை வையுங்கள்.

இதெல்லாம் இரண்டு நாள் தாக்குப்பிடிக்க மட்டும். வலி திடீரென நின்றால் சந்தோஷப்படாதீர்கள்: உள்ளே நரம்பு செத்து, வேர் நுனியில் சீழ் கட்டத் தொடங்கியிருக்கலாம். ஆன்டிபயாடிக் போட்டால் வீக்கம் அமுங்கும், சொத்தை அப்படியே இருக்கும். வேலூர்ப் பக்கம் என்றால் அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்குக் காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு வாங்குங்கள். கன்னம் வீங்கி, காய்ச்சலோடு வாய் திறக்க முடியாமல் போனால் நடுராத்திரியானாலும் கிளம்பிடணும்.